காணாமல் போன நாலரை அவுன்ஸ்

அல்ஜீப்ராவில் ரயில் கணக்கு வந்தால் என் வகுப்புக்கே சந்தோஷம். எனக்குக் கலவைக் கணக்குதான் பிடிக்கும். இத்தனை சதவீதக் கரைசலோடு எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் இத்தனை சதவீதமாகும் என்று கேட்பார்கள். மற்றப் பெண்கள் அந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். நான் சட்டென்று மூன்று கட்டம் கிழிப்பேன். மொத்தம் எவ்வளவு, அதில் சரக்கு எவ்வளவு, சதவீதம் எவ்வளவு. கட்டத்தை நிரப்பினால் சமன்பாடு தானாக வந்து நிற்கும்.

அந்தக் கணக்குகளில் பெயரில்லாத ஓர் ஆள் அடிக்கடி வருவான். நிரம்பிய பீப்பாயிலிருந்து x காலன் எடுத்துவிட்டு, அதே அளவு தண்ணீரை ஊற்றி வைத்துவிடுவான். ஏன் எடுத்தான், எடுத்ததை எங்கே கொண்டுபோனான், அப்போது யாரும் பார்க்கவில்லையா என்றெல்லாம் புத்தகம் சொல்லாது. x எவ்வளவு என்று மட்டும் கேட்கும். நான் கண்டுபிடிப்பேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடை சரியென்று பார்க்கும்போது ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கும். பதினைந்து வயதுக்குள் இப்படி நான் பிடித்த திருடர்கள் ஏராளம்.

இண்டர்மீடியட் முடித்த வருஷம் பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைக்கவில்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், யாராவது ஜாதகத்தோடு வந்து காப்பி குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சர்க்கார் உத்தியோகத்திலிருந்த அப்பா தெரிந்தவரிடம் சொல்லிவைத்து, கண்டோன்மெண்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், மருந்து ஸ்டோரில் தற்காலிக உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தார். வேலை என்றால் பெரும்பாலும் பஞ்சும் பாண்டேஜும் எண்ணுவது. முதல் மாதம் எனக்குக் கொட்டாவிதான்.

ஸ்டோரில் இருந்த ஒரே சுவாரசியம் ஸ்பிரிட். தொண்ணூற்றைந்து சதவீத ஸ்பிரிட் பெரிய டின்னில் வரும். வார்டுகளுக்கு எழுபது சதவீதம்தான் வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மத்தியானம், தண்ணீர் கலந்து ஒரு கண்ணாடி ஜாரில் வைப்பார்கள். சனிக்கிழமை காலையில் பத்து அவுன்ஸ் பாட்டில்களில் ஊற்றி வார்டுகளுக்கு அனுப்புவார்கள். அப்போது லிட்டர் வரவில்லை. எல்லாம் அவுன்சும் காலனும்தான். கலக்கும் வேலையைச் செய்துவந்த வயதான கம்பவுண்டர் நான் சேர்ந்த ஒரு மாதத்தில் ஓய்வு பெற்றார். புது ஆள் வரும்வரை அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். நிஜ ஜார், நிஜ ஸ்பிரிட், நிஜ சதவீதம்!

கம்பவுண்டர் கலந்த விதம் எனக்குப் பிடித்ததே இல்லை. ஜாரின் கழுத்துக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். நூற்று நாற்பது அவுன்ஸ் ஸ்பிரிட்டை அளந்து விடுவார். பிறகு கோடு வரைக்கும் தண்ணீர் விடுவார். எத்தனை அவுன்ஸ் தண்ணீர் என்று கேட்டால் “கோடு வரைக்கும்” என்பார். இது என்ன, சாம்பாரா?

நான் கட்டம் கிழித்தேன். தண்ணீர் x அவுன்ஸ். நூற்று நாற்பதில் தொண்ணூற்றைந்து சதவீதம் என்றால் நூற்று முப்பத்து மூன்று அவுன்ஸ் சுத்தச் சரக்கு. அது எழுபது சதவீதமாக இருக்க வேண்டுமானால் மொத்தம் நூற்றுத் தொண்ணூறு. ஆக x என்பது ஐம்பது. பின்னம்கூட இல்லாத விடை. இனிமேல் ஐம்பது அவுன்ஸ் தண்ணீரை அளந்துதான் ஊற்றுவது என்று முடிவு செய்து, அந்தச் சிவப்புக் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

ஸ்டோரில் என்னோடு இருந்தவர் ஓர் அட்டெண்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வருவார். அதற்கு முன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கினவர். விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி கைகாட்டினால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் திரும்பி நடை. ஆஸ்பத்திரியில் அவரை ஆறு மாதம் வேலை பார்க்க வைத்துப் பார்ப்போம் என்று எடுத்திருந்தார்கள். புகார் எதுவும் வராவிட்டால் ஆறாவது மாதம் முடிந்து ஒன்றாந்தேதி நிரந்தர ஆர்டர். அதைப் பற்றிப் பேசினால்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

“ஆர்டர் கைக்கு வந்துட்டா மிஸ், அந்த ஷெட்டு வழியாவே ஒரு தபா போய்ட்டு வருவேன். சும்மா, பாத்துட்டு.”

“யாரைப் பார்க்க?”

“மேஸ்திரியத்தான். கை காட்டறானான்னு.”

முதல் வெள்ளிக்கிழமை நான் அளந்து ஊற்றினேன். அவர் கார்க்கை அழுத்தி மூடி, ஜாரை அணைத்துப் பிடித்துக் குலுக்கி, அலமாரியில் வைத்தார். மறுநாள் பாட்டில்களில் ஊற்றினேன். நூற்றுத் தொண்ணூறு அவுன்சுக்குச் சரியாகப் பத்தொன்பது பாட்டில் வரவேண்டும். பதினெட்டு நிரம்பியது. பத்தொன்பதாவது பாதியிலேயே நின்றுவிட்டது. அளந்தேன், ஐந்தரை. நாலரை அவுன்ஸைக் காணோம்.

மேஜையில் சிந்தவில்லை. அளவு கிளாஸில் ஓட்டை இல்லை. கார்க் இறுக்கமாகத்தான் இருந்தது. முதல் தடவைதானே, அளந்ததில் கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரமும் பத்தொன்பதாவது பாட்டில் பாதியிலேயே நின்றது.

அதற்கப்புறம் நான் ஜாரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். குலுக்கும்போது எனக்கு ஏன் முதுகைக் காட்டுகிறார்? தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அப்படி என்ன குலுக்கல்? கால்சட்டைப் பை ஏன் அத்தனை பெரிதாக இருக்கிறது? கம்பவுண்டர் இருந்த ஒரு மாதமும் இந்த மனிதரும் இங்கேதான் இருந்தார். அப்போது ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. கிழவரிடம் பயம் இருந்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண் என்றால் இளக்காரம். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தப் பொருந்த எனக்கு உற்சாகம் ஏறியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் குலுக்கி முடித்து ஜாரை என்னிடம் நீட்டினார்.

“மிஸ், ஜாரு கதகதன்னு கீது பாருங்க.”

தொட்டேன். இளஞ்சூடாகத்தான் இருந்தது. குளிர்ந்த ஸ்பிரிட், குழாய்த் தண்ணீர், சூடு எங்கிருந்து வரும்? இத்தனை நேரம் உடம்போடு அணைத்து வைத்திருந்தால் வரும். அதையும் அவரே முந்திக்கொண்டு சொல்கிறார். ஏன் சொல்ல வேண்டும்? நானாகக் கண்டுபிடித்துக் கேட்பதற்குள் சொல்லிவிட்டால் நல்லவராகிவிடலாம் என்றுதானே?

மறுநாளும் நாலரை அவுன்ஸ் குறைந்தது. அன்றைக்குக் கேட்டுவிட்டேன். அதுவரை அவரை “நீங்க” என்றுதான் கூப்பிட்டுவந்தேன். அன்று வாயில் வந்தது வேறு.

“நேத்து ஜார்ல நூத்தித் தொண்ணூறு அவுன்ஸ் இருந்தது. இன்னைக்கு நூத்தி எண்பத்தஞ்சரை. மிச்சம் எங்கே? நீ சொல்லு.”

அவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

“நேத்து நூத்தித் தொண்ணூறு இருந்திச்சின்னு அளந்து பாத்தீங்களா மிஸ்?”

“எதுக்கு அளக்கணும்? நூத்தி நாப்பதும் அம்பதும் கூட்டினா நூத்தித் தொண்ணூறு. நாலாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும் மிஸ். நான் எட்டாங்கிளாஸ்.”

“அப்புறம்?”

“இன்னான்னு சொல்றது. கம்பவுண்டரு இருக்கச்சொல்ல ஒரு நாளும் கொறைஞ்சதில்ல.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

 அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். பதில் இல்லாதவன் அப்படித்தான் போவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோருக்கு மேல் ஒரு சூப்பரிண்டெண்ட். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவரிடம் போய் மூன்று வாரக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஸ்பிரிட் விஷயம்மா. வாய்ப் பேச்சு பேடா, வேண்டாம். எழுதிக் கொடு.”

எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில், முழு நீளப் பேப்பரில், நடுவில் கட்டம் கிழித்து, x போட்டு, சமன்பாட்டோடு. கடைசி வரியில் அட்டெண்டரைத் தவிர ஜாரை வேறு யாரும் தொடுவதில்லை என்று சேர்த்தேன். அதை எழுதும்போது என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கேட்டில் அட்டெண்டரை நிறுத்தினார்கள். சூப்பரிண்டெண்ட் என்னையும் நிற்கச் சொன்னார். டிபன் கேரியரைத் திறக்கச் சொல்லி மூன்று அடுக்கையும் முகர்ந்தார். புளி ரசம் வாசனை. கால்சட்டைப் பையில் ஒரு சீப்பும் பீடிக்கட்டும் இருந்தன. அப்புறம் “ஊது” என்றார்.

“ஊதறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளுங்க. நாங்க பௌத்தருங்க. எங்கப்பா காலத்துலேருந்தே அஞ்சு சீலம் எடுத்தவங்க. பொய் இல்ல, திருட்டு இல்ல, குடி இல்ல. தெருவுல யார வேணா கேட்டுப் பாருங்க.”

“நீ குடிச்சேன்னு யாரப்பா சொன்னாங்க? ஊது.”

ஊதினார். பீடி நாற்றம் மட்டும் வந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற நர்ஸ்களும் ஆயாக்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் கேரியரை அடுக்கி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சம்பிகே ரோடு வருவதற்குள் அதையும் சரிசெய்துகொண்டேன். குடிக்காதவர் விற்கக் கூடாதா? அவரே குடிப்பதாக நான் எங்கே எழுதினேன்? இப்படி யோசிக்க ஆரம்பித்தால் எதையும் பொருத்திவிடலாம். வாயில் நாற்றம் அடித்தால் குடிக்கிறார். அடிக்காவிட்டால் விற்கிறார்.

நான்காவது வாரம் நானே ஒரு பொறி வைத்தேன். அவர் குலுக்கி முடித்ததும் ஜாரை வாங்கி, கார்க்கின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, என் கட்டைவிரலைப் பதித்தேன். சுட்டுக் கொப்புளித்துவிட்டது. மறுநாள் காலையில் ரேகை அப்படியே இருந்தது. பதறாமல் உடைத்து அளந்தேன். நூற்று எண்பத்தைந்தரை.

சூப்பரிண்டெண்ட் இதைக் கேட்டதும் ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினார்.

“சீல் போட்டும் போச்சுன்னா, சீல் போடறதுக்கு முன்னாலேயே எடுத்துட்டான். ஒண்ணாந்தேதி அவன் ஆர்டர் நிக்கட்டும். இனிமேல் ஸ்டோருக்குள்ளே வரவேண்டாம், லினன் ரூமுக்குப் போகட்டும். மாசக் கடைசியிலே அனுப்பிடலாம். ஆய்த்து.”

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சேதியை அட்டெண்டரிடம் போய்ச் சொன்னவர் வார்டு மேஸ்திரி. நான் ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடுவார், என்னிடம் வந்து சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். காதில் வாங்கிக்கொண்டு, அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வராந்தாவில் எதிரே வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி எனக்கு வழி விடுவார். பேசமாட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டோரில் நான் தனி. டின்னில் சரக்குக் குறைவாக இருந்ததால் பாதிதான் கலந்தேன். எழுபது அவுன்ஸ் ஸ்பிரிட், இருபத்தைந்து தண்ணீர், மொத்தம் தொண்ணூற்றைந்து. நானே குலுக்கினேன். நானே பூட்டினேன். சாவியைக் கைப்பைக்குள் போட்டு மல்லேஸ்வரத்துக்கு எடுத்துப் போனேன்.

சனிக்கிழமை காலை அளந்தபோது தொண்ணூற்று இரண்டே முக்கால் இருந்தது.

இரண்டே கால் அவுன்ஸ் குறைவு. நாலரையில் சரி பாதி. நான் பாதி கலந்தால் திருடனும் பாதிதான் எடுக்கிறான்! அவன் கால் வைக்காத அறைக்குள், பூட்டுக்குப் பின்னால், விகிதாசாரம் தெரிந்துகொண்டு எடுக்கிறான். முதலில் கள்ளச் சாவி என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது. ஜாரைத் தொட்ட ஆள் இந்த வாரம் நான் ஒருத்திதான். என் பேப்பரின் கடைசி வரியை இந்த வாரத்துக்கு எழுதினால் என் பெயர்தான் அங்கே வரும்.

அலமாரியில் மேல் தட்டில் ஒரு ஹைட்ராமீட்டர் இருந்தது. ஸ்பிரிட்டில் மிதக்கவிட்டால் எத்தனை சதவீதம் என்று காட்டும் கண்ணாடிக் குழாய். டின் வரும்போது மட்டும் அதை எடுப்போம். திருடன் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் சதவீதம் எழுபதுக்குக் கீழே இறங்கும். ஊற்றாமல் வெறுமனே எடுத்திருந்தால் எழுபதிலேயே நிற்கும். ஐந்து வாரமாக இதைச் செய்யத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆள் யாரென்றுதான் எப்போதோ தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்குச் சோதனை?

மிதக்கவிட்டேன். பெட்டி மூடியில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி வெயில் சூட்டுக்கு உரியதைக் கழித்தேன். எழுபத்திரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

எழுபதைவிட அதிகம். குழாயைத் துடைத்து மறுபடி விட்டேன். அதே இடம்.

கட்டம் கிழித்தேன். இருப்பது தொண்ணூற்று இரண்டே முக்கால் அவுன்ஸ். அதில் எழுபத்தொன்றே முக்கால் சதவீதம் சரக்கு. பெருக்கினால் அறுபத்தாறரை. நான் ஊற்றிய எழுபது அவுன்ஸில் இருந்த சரக்கு எவ்வளவு? அதுவும் அறுபத்தாறரை. ஸ்பிரிட் ஒரு சொட்டும் போகவில்லை. காணாமல் போன இரண்டே கால் அவுன்ஸில் ஸ்பிரிட்டின் சதவீதம் பூஜ்யம். என் திருடன் ஐந்து வாரமாக, கலந்து முடித்த ஸ்பிரிட்டிலிருந்து தண்ணீரை மட்டும் பிரித்து எடுத்துப் போயிருக்கிறான்.

ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குள் குழாய் திறந்தால் கொட்டுகிற தண்ணீரை எவன் திருடுவான்?

பிறகுதான் அவர் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. அளந்து பாத்தீங்களா மிஸ்? எழுந்து, இருபது அவுன்ஸ் வரை கோடு போட்ட கிளாஸில் பத்து அவுன்ஸ் ஸ்பிரிட்டை விட்டேன். இன்னொன்றில் பத்து அவுன்ஸ் தண்ணீரை அளந்து அதில் ஊற்றினேன். கண்ணாடிக் கம்பியால் கலக்கினேன். கிளாஸ் கையில் கதகதவென்று சுட ஆரம்பித்தது. யாரும் அணைத்துக்கொண்டு நிற்கவில்லை. ஆறும்வரை காத்திருந்து, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். இருபதில் இல்லை. பத்தொன்பதரைக்கும் கீழே.

பத்தும் பத்தும் இருபது இல்லை.

எத்தனை கலவைக் கணக்கு போட்டிருப்பேன். ஒன்றிலாவது இதையும் அதையும் கூட்டினால் மொத்தம் என்ற முதல் வரியைச் சந்தேகித்ததில்லை. மனிதரைச் சந்தேகித்தேன், அவர் முதுகை, பையை, ரசத்தை, அவருடைய சீலத்தைச் சந்தேகித்தேன். கூட்டலை மட்டும் நம்பினேன். கம்பவுண்டர் தண்ணீரை அளக்காததால்தான் அவருக்குக் குறையவே இல்லை. கோடு இறங்க இறங்க ஊற்றியிருப்பார். ஏன் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன். யோசித்தேன். புதுக் கோடு ஒன்று போட்டுவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து குறையாது. அவர் போனதும் திருட்டு நின்றுவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். என் கட்டம் போட்ட பேப்பர் ஃபைலில் கௌரவமாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே துணி வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று. இரண்டு கிளாஸையும் ஸ்பிரிட் பாட்டிலையும் டிரேயில் வைத்து எடுத்துக்கொண்டு சூப்பரிண்டெண்ட் அறைக்கு நடந்தேன்.

அவர் முன்னால் செய்து காட்டினேன். அவர் நம்பவில்லை.

“கிளாஸிலே ஏதோ இருக்கு. திருப்பிச் செய்.”

திருப்பிச் செய்தேன்.

“நீ தள்ளு. நான் ஊத்தறேன்.”

அவர் ஊற்றினார். நாங்கள் இருவரும் மேஜைமேல் தாடையை வைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தோம். இறங்கியிருந்தது.

“எங்கேம்மா போச்சு?”

“போகலை சார். ஒரு படி பட்டாணியும் ஒரு படி ரவையும் கலந்தா ரெண்டு படி வராது இல்லையா, அந்த மாதிரி. ஒண்ணோட இடுக்குல ஒண்ணு போய் உட்கார்ந்துக்கறது.”

“ஸ்பிரிட்டிலே பட்டாணி எங்கேம்மா இருக்கு?”

எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை. அவர் ஃபைலை எடுத்து என் முழு நீளப் பேப்பரை விரித்தார்.

“இதைக் கிழிக்கக் கூடாது. நம்பர் போட்டாச்சு. இதுக்கு மேலே இன்னொண்ணு எழுது. உன் கணக்குத் தப்புன்னு எழுது.”

“கணக்குத் தப்பில்லை சார். கணக்கிலே எடுத்துக்கற ஒரு அனுமானம்...”

“அதெல்லாம் பேடாம்மா. மேலே இருக்கிறவங்க படிக்கணும். ஒரே வரி. கணக்குத் தப்பு, அட்டெண்டர் மேலே குத்தம் இல்லே. கையெழுத்து.”

ஒரே வரிதான். எழுத எனக்கு அரை மணி ஆயிற்று. முதல் பேப்பர் முழுக்க எழுத அவ்வளவு ஆகவில்லை.

ஒன்றாந்தேதி அட்டெண்டருக்கு ஆர்டர் வந்தது. சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். மறுபடி ஸ்டோருக்கே போகச் சொன்னார். வாசலில் நான் காத்திருந்தேன். என்ன சொல்வதென்று பஸ்ஸில் வரும்போதே பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

“நான் செஞ்சது தப்பு. உங்களை அப்படி நினைச்சிருக்கக் கூடாது. ஸ்பிரிட் யாரும் எடுக்கலை. கலந்தா அது தானா குறையும்.”

அவர் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“தானா கொறையும்.”

“ஆமாம்.”

“நூத்தி நாப்பதும் அம்பதும் கூட்டினா நூத்தித் தொண்ணூறு இல்ல.”

“இல்லை. நூத்தி எண்பத்தஞ்சரை.”

“நாலாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுன்னீங்க.”

நான் ஆமென்று தலையாட்டினேன்.

“பர்வா இல்ல மிஸ். ஆர்டர் வந்திடுச்சி. வுடுங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாருக்கு எடுத்தீங்களோ, அது எனக்கு எதுக்கு? கேக்கல. ஆனா இன்னொரு தபா என் தலைல போடாதீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறார்! மனசு உறுத்தி, பெரிய இடத்துப் பெண்ணாகையால் ஏதோ மாயாஜாலம் காட்டி, சூப்பரிண்டெண்டைச் சரிக்கட்டி, தன்னைக் காப்பாற்றிவிட்டதாக. யோசித்துப் பார்த்தால் அவர் கையிலிருக்கும் சாட்சியம் என்னிடம் இருந்ததைவிட மோசமில்லை. அவர் ஸ்டோரில் இல்லாத வாரமும் குறைந்தது. சாவி என் பையில் இருந்தது.

“சரி. நீங்களே கலந்து பாருங்க” என்றேன். “இந்த வெள்ளிக்கிழமை நான் தொடவே மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஜாரைக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தார். அளவு கிளாஸின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். நூற்று நாற்பது அவுன்ஸ் ஸ்பிரிட்டை, ஒவ்வொரு கிளாஸுக்கும் சத்தமாக எண்ணிக்கொண்டே ஊற்றினார். ஐம்பது அவுன்ஸ் தண்ணீரையும் அப்படியே. நான் பத்தடி தள்ளி பாண்டேஜ் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். குலுக்கினார், இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கொண்டே குலுக்கினார். ஆறும்வரை ஜாரின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு கிளாஸ் கிளாஸாகத் திரும்ப அளந்து பாட்டில்களில் விட்டார்.

பத்தொன்பதாவது பாட்டில் பாதியில் நின்றது.

அவர் காலி ஜாரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஜாரில் கவிழ்க்க ஆரம்பித்தார்.

“மிஸ், கோச்சிக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டார். கதவுக்குப் பின்னால் அவர் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது கேட்டது.